பெயரை வைப்பதா, பாட்டை வைப்பதா? இசைக்கலைஞர் பற்றிய படத்தில் எடுக்க வேண்டிய முதல் முடிவு

எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கிறவர், அவர் எழுதிய ஒரு வரியைக்கூடக் காட்டாமல் தப்பித்துவிடலாம். விளையாட்டு வீரர் என்றால் யார் எந்த ஆண்டு ஜெயித்தார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், அதைச் சொல்ல யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். இசைக்கலைஞர் விஷயத்தில் இந்த வசதி இல்லை. டிக்கெட் வாங்குகிறவர் அந்தக் குரலையும் அந்தப் பாட்டையும் கேட்கத்தான் வருகிறார். அந்தப் பாட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் பெரும்பாலும் கலைஞரின் மனைவியாகவோ, பிள்ளையாகவோ, கூடவே வாசித்த பழைய கூட்டாளியாகவோ இருப்பார். அதாவது, கதையில் ஒரு பாத்திரமாக வரப்போகிறவரே பாட்டுக்கு அனுமதி தர வேண்டியவரும்கூட.

அதனால் கலைச் சுதந்திரம் பற்றிப் பேசும்போது எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, அதாவது எவ்வளவு கற்பனை சேர்க்கலாம் என்பது, இங்கே இரண்டாவது இடத்துக்குப் போய்விடுகிறது. முதலில் தீர்க்க வேண்டியது பாட்டு யார் கையில் இருக்கிறது, அதற்கு அவர் என்ன கேட்பார் என்பதுதான். திரைக்கதையை முழுதாக எழுதி முடித்துவிட்டு உரிமை கேட்கப் போகிறவர்கள், பாதிக் கதையைத் திருத்திக்கொண்டு திரும்புகிறார்கள்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. குடும்பத்தின் சம்மதத்தோடு உண்மைப் பெயர், உண்மைப் பாட்டு என்று போகலாம். சம்மதம் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, பாட்டு இல்லாமல் எடுக்கலாம். பெயரை மாற்றி, யார் என்று எல்லாருக்கும் புரியும்படியோ புரியாதபடியோ ஒரு கற்பனைக் கலைஞரை உருவாக்கலாம். அல்லது வாழ்க்கை வரலாறு என்ற வடிவத்தையே உடைத்து, துண்டு துண்டாக எடுக்கலாம். நான்கிலும் சுதந்திரம் உண்டு, எல்லையும் உண்டு. யார் போடும் எல்லை என்பதில்தான் வித்தியாசம்.

முதல் வழிதான் பணம் போடுகிறவர்களுக்குப் பிடித்தது. 2018இல் வந்த 'போஹீமியன் ராப்சடி' இதற்கு நல்ல உதாரணம், எச்சரிக்கையும்கூட. இங்கிலாந்தின் ராக் இசைக்குழுவான குவீனின் பாடல்கள் எல்லாம் கிடைத்தன. குழுவில் இருந்த பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் இசைத் தயாரிப்பில் நேரடியாக இருந்தார்கள். படம் நான்கு ஆஸ்கர் வாங்கியது, வசூலும் கொட்டியது. ஆனால் கதையில் என்ன நடந்தது என்று பாருங்கள். படத்தில் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தனி ஆல்பம் போடப் போவதாகச் சொன்னதும் குழு உடைந்துபோகிறது. மற்றவர்கள் அதைத் துரோகமாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வருகிறார், 1985 ஜூலையில் லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியின் மேடையில் எல்லாரும் சேருகிறார்கள். நிஜத்தில் அந்த மே மாதம்தான் அவர்கள் ஒரு நீண்ட சுற்றுப்பயணத்தையே முடித்திருந்தார்கள். தனி ஆல்பம் என்றால், ராஜர் டெய்லர் 1981லேயே ஒன்று வெளியிட்டாயிற்று.

இது வெறும் தேதிக் குழப்பம் இல்லை. உயிரோடு இருக்கும் நண்பர்கள் நிதானமானவர்களாகவும், இறந்துபோன நண்பர் வழி தவறியவராகவும் கதை அமைந்துவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கதையைச் சொல்ல உதவுகிறவர்கள் யாரோ, அவர்கள் பக்கம் கதை கொஞ்சம் சாய்வது இயல்பு. சம்மதம் வாங்கும் வழியின் விலை இதுதான், அது எந்த ஒப்பந்தத்திலும் எழுத்தில் இருக்காது.

இன்னொன்றும் அந்தப் படத்தில் உண்டு, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. லைவ் எய்டுக்கு முன்பே அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, நண்பர்களிடம் சொல்லிவிட்டு மேடை ஏறுவதாகக் காட்டுகிறார்கள். அவருக்கு அது தெரியவந்தது 1987 வாக்கில் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட தகவல். இரண்டு ஆண்டுதானே, சினிமாவில் இது சகஜம் என்று சொல்லலாம். ஆனால் அந்த இரண்டு ஆண்டை நகர்த்தியதும், அன்று அவர் பாடியதன் காரணமே மாறிவிடுகிறது. ஒரு கலைஞன் தன் தொழிலின் உச்சத்தில், சும்மா ஒரு மாலையில், எழுபதாயிரம் பேரைக் கையில் எடுத்த நிகழ்ச்சி அது. படத்தில் அது சாகப்போகிறவனின் பிராயச்சித்தமாகிவிட்டது.

இதோடு 2024இல் வந்த 'எ கம்ப்ளீட் அன்னோன்' படத்தை வைத்துப் பார்க்கலாம். அதுவும் சம்மதத்தோடு எடுத்த படம்தான். படத்தின் நாயகரான அமெரிக்கப் பாடகர், பாடலாசிரியர் பாப் டிலன் உயிரோடு இருக்கிறார், திரைக்கதையைப் பார்த்தார், பாடல்களைக் கொடுத்தார். அதிலும் ஒரு தேதி நகர்கிறது. நாட்டுப்புறப் பாடகர் என்று பெயர் வாங்கியவர் மின்கிட்டாரை எடுத்ததற்காகக் கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்!", அதாவது துரோகி, என்று கத்திய சம்பவம் 1966 மே மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் நடந்தது. படத்தில் அது 1965 ஜூலை, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் இந்த நகர்த்தல் எதையும் கெடுக்கவில்லை. நியூபோர்ட்டிலும் எதிர்ப்பு இருந்தது, மான்செஸ்டரிலும் இருந்தது, எதிர்ப்பின் காரணமும் ஒன்றே. இரண்டு இரவை ஒரே இரவாகச் சுருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆக நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளிமையானது. சரியான தேதியைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். காட்சியின் அர்த்தம் அப்படியே நின்றால் அந்த மாற்றம் செய்யலாம். அர்த்தம் சரிந்தால் செய்யக்கூடாது. இதே சோதனையில் 2004இல் வந்த 'ரே' படமும் கொஞ்சம் தடுமாறுகிறது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் 1961இல் ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் பிரித்து உட்காரவைத்த ஒரு கச்சேரியில் பாட மறுத்தார். அதற்காக நஷ்டஈடு கட்ட வேண்டியும் வந்தது. இவ்வளவும் உண்மை. படம் இதற்கு மேலே போய், மாநிலமே அவருக்கு வாழ்நாள் தடை விதித்ததாகவும், 1979இல் மன்னிப்புக் கேட்டுத் தடையை நீக்கியதாகவும் முடிக்கிறது. அப்படி ஒரு தடையே இல்லை. 1979இல் நடந்தது அவர் பாடிய பாடலை மாநிலப் பாடலாக அறிவித்தது. கடைசிக் காட்சிக்குக் கைதட்டல் வேண்டும் என்று ஒரு சட்டமன்றத்தையே குற்றவாளி ஆக்குவது, சுதந்திரம் என்பதைவிட சோம்பேறித்தனம். நடந்ததே போதுமான அளவு நாடகமாக இருந்தது.

சம்மதத்தோடு போகும் வழியில் எனக்குப் பிடித்த ஒரு எல்லையும் இந்த டிலன் படத்தில்தான் இருக்கிறது. அவருடைய அந்நாளைய காதலியின் பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். அந்தப் பெண் மேடைக்கு வந்தவர் இல்லை, புகழைக் கேட்டவரும் இல்லை. படத்தில் அந்தப் பாத்திரம் வேறு பெயரில் வருகிறது. ஒரு வரி கெடவில்லை.

இரண்டாவது வழி, பெயர் உண்டு, பாட்டு கிடையாது. கேட்கும்போதே வீண் வேலை போலத் தோன்றும். அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பற்றி 2013இல் ஜான் ரிட்லி எடுத்த படத்துக்கு அவருடைய பாடல்களைக் குடும்பத்தின் நிறுவனம் தரவில்லை. ரிட்லி என்ன செய்தார் என்றால், ஹென்ட்ரிக்ஸ் இன்னும் பெரிய பெயராகாத 1966-67 ஆண்டுகளோடு நின்றுகொண்டார். நியூயார்க்கில் யாரும் கண்டுகொள்ளாமல் வாசித்தவர் லண்டனுக்குப் போய் எப்படி ஆளானார் என்பதுதான் கதை. அந்தக் காலத்தில் அவர் மேடையில் மற்றவர்களின் பாடல்களையும் நிறைய வாசித்தார், அவற்றை வைத்துப் படத்தை ஓட்டினார். பீட்டில்ஸ் ஒரு ஆல்பம் வெளியிட்ட ஒரு சில நாளிலேயே, அந்தக் குழுவினர் சிலர் முன்னால் உட்கார்ந்திருக்க, அதன் முதல் பாட்டையே ஹென்ட்ரிக்ஸ் மேடையில் எடுத்து விளாசிய சம்பவம் ஒன்று உண்டு. சொந்தப் பாட்டு கையில் இல்லாத படத்துக்கு இதைவிடப் பொருத்தமான உச்சக்காட்சி கிடைக்காது. தடைதான் கதைக்குச் சரியான காலத்தைத் தேர்ந்துகொடுத்தது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் அதே படம் வேறொரு இடத்தில் வழுக்கியது. ஹென்ட்ரிக்ஸ் தன் காதலியைத் தொலைபேசியால் கொடூரமாக அடிப்பதாக ஒரு காட்சி. அந்தப் பெண் உயிரோடு இருந்தார், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று வெளிப்படையாக மறுத்தார். இங்கே பாட்டுரிமை இல்லாதது பிரச்சினை இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவரின் வாழ்க்கையில் நடந்ததாக ஒரு வன்முறையைக் காட்டுகிறோம், அவரே இல்லை என்கிறார். குடும்பத்தின் கண்காணிப்பு இல்லாத சுதந்திரத்தில், கேள்வி கேட்க ஆளில்லாமல் போகும் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது.

இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவியின் 1971ஆம் ஆண்டு அமெரிக்கப் பயணத்தை வைத்து 2020இல் வந்த 'ஸ்டார்டஸ்ட்' இதே வழியில் போய்ச் சறுக்கிய படம். குடும்பத்தின் ஆதரவு இல்லை, போவியின் பாடல்கள் இல்லை. அவர் மேடையில் பாடிய பிறர் பாடல்களைப் பயன்படுத்தினார்கள். முறை ஒன்றுதான், ஆனால் பலன் வேறு. ஹென்ட்ரிக்ஸ் மற்றவர் பாட்டை வாசித்தாலும் அது ஹென்ட்ரிக்ஸ்தான், அந்தக் கை தனியாகத் தெரியும். போவியின் தனித்தன்மை அவர் எழுதிய பாட்டிலும் அவர் உருவாக்கிய வேடங்களிலும் இருந்தது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீண்ட முடி வைத்த ஒரு இளைஞர். எனவே இந்த வழியில் இறங்கும் முன் கேட்க வேண்டியது, உங்கள் கலைஞர் வாசிப்பவரா, எழுதுபவரா? வாத்தியக்காரருக்கும், பிறர் பாட்டைத் தன் பாட்டாக்கிக்கொள்ளும் பாடகருக்கும் இந்த வழி பொருந்தும். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பொருந்தாது.

அதே போவி விஷயத்தில் மூன்றாவது வழியில் போன படம் ஒன்றும் இருக்கிறது. டாட் ஹேன்ஸ் 1998இல் எடுத்த 'வெல்வெட் கோல்ட்மைன்' படத்துக்கும் போவி தன் பாடல்களைத் தர மறுத்தார். ஹேன்ஸ் பெயரை மாற்றினார், பாத்திரத்தைக் கற்பனையாக்கினார், அந்தக் காலத்துச் சத்தத்தில் புதுப் பாடல்களும் எழுத வைத்தார். யாரைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் "இது அவர் இல்லை" என்று சொல்ல முடியாது, ஏனென்றால் படமே அவர் இல்லை என்றுதான் சொல்கிறது. மறுப்பு இரண்டு படத்துக்கும் ஒரே மாதிரிதான் வந்தது. ஒருவர் பெயரை வைத்துக்கொண்டு பாட்டை இழந்தார், மற்றவர் பெயரை விட்டுவிட்டுத் தனக்கென்று பாட்டை உண்டாக்கிக்கொண்டார். எது நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெயர் மாற்றும் வழி தமிழ் ரசிகர்களுக்குப் புதிதல்ல. நம்முடைய நினைவில் நிற்கும் இசைப் படங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். 'தில்லானா மோகனாம்பாள்' சண்முகசுந்தரம், 'சங்கராபரணம்' சங்கர சாஸ்திரி, 'சிந்து பைரவி' ஜே.கே.பி., மூவரும் கற்பனை மனிதர்கள். ஜே.கே.பி.யை எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக சங்கீதத்தின் உச்சத்தில் இருக்கும் ஒரு பாடகர், மனைவி இருக்க இன்னொரு பெண்ணிடம் மனம் போகிறது, குடியில் விழுகிறார், ஒரு பாட்டிலுக்காகத் தெருப்பாட்டு பாடும் நிலைக்கு இறங்குகிறார். 1985இல் இதை நிஜமான ஒரு வித்வானின் பெயரில் எடுத்திருந்தால் சபாக்கள் எல்லாம் திரண்டு வந்திருக்கும், சிஷ்யர்கள் நீதிமன்றம் போயிருப்பார்கள். பெயர் கற்பனையானதால் பாலசந்தருக்கு முழுக் கதவும் திறந்தது. இவ்வளவு கடுமையாக ஒரு பாடகரின் வீழ்ச்சியைக் காட்டிய படம், குடும்பச் சம்மதம் வாங்கிய வகையில் எனக்குத் தெரிந்து வரவில்லை. வரவும் வராது.

இந்த வழிக்கும் ஒரு எல்லை உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. கற்பனைக் கலைஞர் என்றால் அவர் பெரிய கலைஞர் என்று ரசிகரை நம்பவைக்கும் பொறுப்பு முழுவதும் படத்தின் தலையில். நிஜப் பெயர் என்றால் அந்தப் பெயரே பாதி வேலையைச் செய்துவிடும். சண்முகசுந்தரத்துக்கு அந்த உதவி இல்லை. அதனால்தான் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் அந்தப் படத்துக்கு உயிர். சிவாஜி விரலையும் கன்னத்தையும் அந்த வாசிப்போடு அசைத்தது அடுத்த பலம். வாசிப்பு சுமாராக இருந்திருந்தால், மோகனாம்பாள் ஏன் இந்த முன்கோபக்காரரிடம் மனதைக் கொடுத்தாள் என்றே நமக்குப் புரிந்திருக்காது. கற்பனைக் கலைஞர் பற்றிப் படம் எடுக்கப் போகிறவர் பட்ஜெட்டில் முதலில் ஒதுக்க வேண்டியது நிஜமான ஒரு பெரிய கலைஞருக்கான சம்பளத்தை.

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, ஏனென்றால் அது எல்லாருக்கும் கைவராது. டாட் ஹேன்ஸே 2007இல் டிலனின் பல முகங்களை ஆறு நடிகர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஒரு கறுப்பினச் சிறுவன் உண்டு, கேட் பிளான்செட் உண்டு, ஆறு பேரில் ஒருவருக்கும் டிலன் என்று பெயர் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், நேர்கோட்டில் வாழ்க்கையைச் சொல்லாத இந்த யோசனைக்குத்தான் டிலன் பாடல் உரிமையைக் கொடுத்தார். கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் பற்றி 1993இல் வந்த படம் முப்பத்திரண்டு குறும்படங்களின் தொகுப்பு. அவர் புகழ்பெற்றது பாஹின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் வாசித்து. அதில் தொடக்கத்திலும் முடிவிலும் 'ஏரியா' எனப்படும் ஒரு மெட்டு, நடுவே முப்பது மாறுபாடுகள். படத்தின் அமைப்பே அந்த இசையின் அமைப்பு. இப்படி ஒரு கட்டுப்பாட்டை இயக்குநர் தானே போட்டுக்கொள்ளும்போது, வரலாற்றை முழுதாகச் சொல்லவில்லையே என்று யாரும் கேட்பதில்லை. சிறுவயது வறுமை, முதல் வெற்றி, போதை, மீட்சி என்ற தேய்ந்த வரிசையிலிருந்தும் விடுதலை. ஆனால் கலைஞரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உள்ளே வருகிறவர் குழம்பிப் போவார். அந்த இழப்பை ஏற்கத் தயார் என்றால் மட்டுமே இந்தப் பக்கம் வர வேண்டும்.

இந்த நான்கு வழிகளுக்கும் பொதுவாக ஒரு எல்லை இருக்கிறது, அதை யாரும் சட்டத்தில் எழுதவில்லை. இசை பொய் சொல்லக்கூடாது. இதை நன்றாகக் காட்டுவது, வரலாற்றைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாத ஒரு படம், 1984இல் வந்த 'அமேடியஸ்'. சாலியெரி என்ற இசையமைப்பாளர் சக இசையமைப்பாளரான மொஸார்ட் மீது பொறாமைப்பட்டு அவரை மரணத்துக்குத் தள்ளினார் என்பது அதன் கதை. நிஜத்தில் சாலியெரி மொஸார்ட்டின் இசைநாடகத்துக்கு வந்து ஒவ்வொரு பகுதிக்கும் மனம்விட்டுப் பாராட்டியதை மொஸார்ட்டே 1791 அக்டோபரில் மனைவிக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். மொஸார்ட் இறந்த பிறகு அவருடைய மகன் சாலியெரியிடம் பாடம் படித்தார். மரணப்படுக்கையில் மொஸார்ட் சொல்லச் சொல்ல சாலியெரி ரெக்வியத்தை, அதாவது இறந்தவருக்கான வழிபாட்டு இசையை, எழுதிக்கொள்ளும் அந்தப் பெரிய காட்சி முழுக்கக் கற்பனை. ரெக்வியத்தை அநாமதேயமாகக் கேட்டது வால்செக் என்ற ஒரு பிரபு, இறந்துபோன தன் மனைவிக்காக. மொஸார்ட் போனபிறகு மீதியை முடித்துக் கொடுத்தது சூஸ்மையர்.

இவ்வளவு சுதந்திரம் எடுத்த படத்தில் இசையை நடத்திய நெவில் மாரினர் ஒரே நிபந்தனை போட்டார்: மொஸார்ட்டின் ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றக்கூடாது. மாற்றவில்லை. அந்தக் கற்பனைக் காட்சியில் ஆண் குரல்கள் தனியாக, பின் வாத்தியங்கள் தனியாக, ஒவ்வொன்றாகச் சேர்ந்து கடைசியில் மொத்தமாகக் கேட்கும்போது, ஒரு இசைக்கோவை எப்படிக் கட்டப்படுகிறது என்று சங்கீதம் தெரியாதவருக்கும் புரிந்துவிடுகிறது. நடக்காத சம்பவம், ஆனால் அதிலே வரும் இசை ஒரு இம்மியும் பிசகவில்லை. என் கணக்கில் சுதந்திரமும் எல்லையும் சரியான இடத்தில் பிரிந்து நின்ற காட்சி இது.

சாலியெரிக்கு அநியாயம் நடந்ததே என்றால், ஆமாம், நடந்தது. பெயர் சொல்லி ஒருவர் மேல் ஆதாரமில்லாமல் பழி போடக்கூடாது என்று மேலே சொன்னதற்கும், இந்தப் படத்தை நான் விரும்புவதற்கும் முரண் இருக்கிறது. அவர் 1825இல் இறந்தவர், அந்த வதந்தியை ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1830லேயே நாடகமாக்கிவிட்டார், படம் முழுவதும் மனம் பிறழ்ந்த ஒரு கிழவர் சொல்லும் கதையாகத்தான் வருகிறது என்றெல்லாம் சமாதானம் சொல்லலாம். பாதிதான் சமாதானமாகிறது. நம் பக்கத்திலும் ஒரு சாலியெரி இருக்கிறார். தியாகராஜரின் ராமர் விக்கிரகத்தை அவருடைய அண்ணன் காவிரியில் எறிந்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். தம்பியின் கீர்த்தனை பாடப்படும் இடமெல்லாம் அண்ணனின் பழியும் கூடவே போகிறது. அவருக்காகப் பேச யாரும் இல்லை. இப்படிப்பட்ட பழைய மகான்களைப் பற்றிப் படம் எடுக்கும்போது உரிமைக்காரர் கிடையாது, ஆனால் பக்தர்கள் உண்டு. எந்த வாரிசையும்விடக் கண்டிப்பானவர்கள்.

இசை பொய் சொல்லக்கூடாது என்றால் நடிகரே பாட வேண்டும் என்று அர்த்தமில்லை. இதில் மூன்று விதமும் வெற்றி பெற்றிருக்கின்றன. ஜேமி ஃபாக்ஸ் ரே சார்ல்ஸின் குரலுக்கு வாயசைத்தார், பியானோவில் விரல் மட்டும் அவருடையது. 1980இல் அமெரிக்கப் பாடகி லொரெட்டா லின்னாக நடித்த சிஸி ஸ்பேசெக் தானே பாடி ஆஸ்கர் வாங்கினார். ஃப்ரெடி மெர்குரியின் குரல் திரையில் மூலப்பதிவு, இன்னொரு பாடகர், நடிகர் என்று மூன்றும் கலந்த கலவை. பின்னணிப் பாடலில் வளர்ந்த நம் ரசிகர்களுக்கு வாயசைப்பு ஒரு பிரச்சினையே இல்லை. சங்கர சாஸ்திரியாக நடித்த சோமயாஜுலுவின் முகத்துக்கு எஸ்.பி.பி.யின் குரல் ஒட்டிக்கொண்டது யாருக்கும் உறுத்தவில்லை. நம்மிடம் உறுத்துவது கை. வீணையின் மேல் விரல் எங்கோ போக, காதில் வேறெங்கோ கேட்கும். மிருதங்கத்தில் இடப்பக்கமான தொப்பியில் அடிக்கும்போது வலப்பக்கமான வலந்தலையின் சொல் ஒலிக்கும். பாடத் தெரியாத நடிகரை எடுக்கலாம், வாசிக்கக் கற்றுக்கொள்ள நேரமில்லாத நடிகரை எடுக்கக்கூடாது. இதில் தீவிரத்தின் எல்லைக்கே போனது 1968இல் ஸ்ட்ரோப், ஹுயே தம்பதி எடுத்த பாஹ் பற்றிய படம். பாஹாக நடித்தவரே குஸ்தாவ் லியோன்ஹார்ட் என்ற பெரிய ஹார்ப்சிகார்ட் கலைஞர். முழு முழுக் கோவைகளாகக் கேமரா முன்னாலேயே வாசித்தார், அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள். நடிப்பு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் மனிதர் வேலை செய்வதைப் பார்க்கிறோம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பாட்டில் இரண்டு உரிமை உண்டு என்பதைப் பலர் மறக்கிறார்கள்: இயற்றியதன் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை ஒன்று. இந்தியாவில் இயற்றியவர் இறந்தபின் 60 ஆண்டு, ஐரோப்பாவில் 70. ஒலிப்பதிவுக்கு இங்கே வெளியானதிலிருந்து 60. தியாகராஜர் கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதை ஒருவர் பாடிய 1970களின் இசைத்தட்டு இன்னும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். வாழ்க்கையைச் சொல்லும் உரிமை இதிலிருந்து வேறு. 1994இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் இருக்கும் அளவுக்கு ஒருவரின் வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமலும் வெளியிடலாம் என்றது. அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பு ஏற்க வேண்டும். அமெரிக்காவில் இன்னும் தாராளம். இறந்தவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதும் இந்தியாவில் செல்லாது. குடும்பத்தின் மனதைப் புண்படுத்தும் நோக்கில் இறந்தவரை இழிவுபடுத்தினால் அதுவும் குற்ற அவதூறு ஆகலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? கலைஞர் புகழின் உச்சியில் இருக்கும் பாடலாசிரியரோ இசையமைப்பாளரோ என்றால், பாட்டு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். சம்மதம் வாங்குங்கள், அல்லது பெயரை மாற்றுங்கள். வாத்தியக் கலைஞர் என்றால், சம்மதம் கிடைக்காவிட்டாலும் அவர் பேர் வாங்குவதற்கு முந்தைய ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் நல்ல படம் கிடக்கிறது. நீங்கள் சொல்ல நினைப்பது ஒரு வீழ்ச்சியை, ஒரு துரோகத்தை, சிஷ்யரை மிதித்த குருவை என்றால், கண்ணை மூடிக்கொண்டு கற்பனைப் பெயருக்குப் போய்விடலாம். நிஜப் பெயரில் அது ஒருபோதும் முழுதாக வெளியே வராது, வந்தாலும் பாதி ரசிகர்கள் இது நடந்ததா இல்லையா என்ற சண்டையில் படத்தைப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

சம்மதம் வாங்கும் வழியில்தான் போவது என்று முடிவானால், ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையில் பிடிவாதமாக இருக்க வேண்டும். குடும்பத்தாரிடம் திரைக்கதையைக் காட்டி 'ஆலோசனை கேட்கப்படும்' என்று இருக்கலாம், 'ஒப்புதல் பெறப்படும்' என்று இருக்கக்கூடாது. கேட்டால் பாட்டைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். அப்போது பேரம் பேசக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். நடுவழி ஒன்று உண்டு: பெயர் குறிப்பிட்டு மூன்று நான்கு விஷயங்களுக்கு மட்டும் ஒப்புதல் உரிமை கொடுப்பது, அதாவது மரணம், நோய், பிள்ளைகள், இன்னும் உயிரோடு இருக்கும் யாராவது ஒருவர். மற்றதெல்லாம் இயக்குநர் முடிவு. பாடல்களின் பட்டியலையும் அதே ஒப்பந்தத்தில், படப்பிடிப்புக்கு முன்பே, பாட்டுப் பாட்டாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இறுதிப் படத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று அவர்கள் சொன்னால், அந்த மேசையிலிருந்து எழுந்து வந்து பாத்திரத்துக்கு வேறு பெயர் யோசிக்கத் தொடங்கலாம்.